வீட்டுப் பட்டறையில் டேபிள் சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், வீட்டின் பின்புறம் ஓடு வேய்ந்த ஒரு சிறு கொட்டகைதான் என் பட்டறை. சவுதியில் ஒரு ஜாயினரியில் (மரவேலைக் கூடத்தில்) 16 வருடம் மெஷின் பக்கம் நின்றுவிட்டு ஊருக்கு வந்தவன் நான். லீவில் வருகிற பையன்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் டேபிள் சா வாங்கியதும் என்னிடம் வந்து கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒருவருக்குப் பாதி சொல்லி, சொல்லாமல் விட்ட பாதியில் அவர் விரல் போய்விடக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

டேபிள் சா என்றால் சரியாக என்ன? கையில் பிடிக்கிற கட்டிங் மெஷின் இருக்கும்போது இது எதுக்கு?

கை மெஷினில் மரம் அசையாமல் கிடக்கும், வாள் நகரும். டேபிள் சாவில் வாள் ஒரே இடத்தில் சுற்றும், மரத்தை நாம் தள்ளிக் கொடுக்க வேண்டும். மேசையின் நடுவில் ஒரு பிளவு. அதன் வழியாக வட்ட பிளேடு தலை நீட்டும். பக்கத்தில் ஃபென்ஸ் என்கிற நேரான வேலி. மரத்தை அதில் ஒட்டித் தள்ளினால் பத்துச் சட்டம் கிழித்தாலும் பத்தும் ஒரே அகலத்தில் வரும். கதவுச் சட்டம், அலமாரிப் பட்டி போன்றவற்றுக்கு இதைப்போல வேறு கருவி இல்லை.

ஆபத்தும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. மரத்தைத் தள்ளுவது நம் கை. மரம் நாம் நினைத்தபடி போகும்வரை கை பத்திரம். மரம் திடீரென்று நகர்ந்தால் அதன்மேல் இருக்கும் கையும் கூடவே நகரும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் மரத்தை அசையாமல், திருகாமல், இறுகாமல் கொண்டுபோவது பற்றித்தான்.

எவ்வளவு இடம் வேணும்? வீட்டு கரண்டு தாங்குமா?

மெஷின் மூன்றடிக்கு மூன்றடிதான். ஆனால் எட்டடிப் பலகை ஒன்றைக் கிழிக்க முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி காலி இடம் வேண்டும். பின்பக்கம் மேசை மட்டத்துக்கே ஒரு தாங்கு போடுங்கள். அது இல்லாவிட்டால் வெட்டு முடிகிற நேரம் பலகை பின்னால் சாயும், நாம் எட்டிப் பிடிக்கப் போவோம். எட்டுக்கு நாலு முழு பிளைவுட்டைச் சிறிய டேபிள் சாவில் ஏற்றவே வேண்டாம். தரையில் தெர்மோகோல் விரித்து, கை மெஷினால் இரண்டு மூன்று துண்டாக்கிக்கொண்டு அப்புறம் மேசைக்கு வாருங்கள்.

வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட். 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் தவிர்க்க முடியாவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போடுங்கள். அந்த வயர் நீங்கள் நடக்கிற வழியில் கிடக்கக் கூடாது.

அண்ணே, மார்பிள் கட்டரைக் கவிழ்த்து பிளைவுட்டில் பொருத்தினா ஆயிரத்து சொச்சத்தில் டேபிள் சா ஆகிடுதே. வீடியோவில் பார்த்தேன்.

வேண்டாம் தம்பி. திங்கள்சந்தைப் பக்கம் இப்படிச் செய்திருந்த ஒருவரின் மெஷினை நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன். நான்கு அங்குல மார்பிள் கட்டர் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று சுற்றும். டேபிள் சா ஓடுவது 4,000, 5,000 சுற்றில். மரத்துக்கான பிளேடு ஒவ்வொன்றிலும் அது தாங்கும் அதிகபட்ச சுற்று அச்சிட்டிருக்கும். மெஷினின் வேகம் அதைத் தாண்டினால் பல் பிய்ந்து பறக்கும்.

அதைவிடப் பெரிய குறை, ஸ்விட்சைக் கயிற்றால் கட்டியோ லாக் செய்தோ வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு நிறுத்த மேசைக்கு அடியில் கைவிட்டுத் தேட வேண்டும். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு கிடையாது, பிளேடை மேலிருந்து மறைக்கிற மேல்மூடி கிடையாது. எந்தப் பக்கமிருந்து தள்ள வேண்டும் என்பதில் குழப்பம் வந்து, தவறான பக்கத்திலிருந்து மரத்தைக் கொடுத்தால் பிளேடு மரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பணம் சேரும்வரை கை வாளால் அறுங்கள். மரம் கிழிக்க வேண்டியிருந்தால் அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோங்கள்.

கிக்பேக் கிக்பேக்னு சொல்றாங்களே, உண்மையில் என்ன நடக்குது?

பிளேடின் முன்பாதிப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கி மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பாதிப் பற்கள் கீழிருந்து மேலே எழும். மரம் அந்தப் பின்பற்களில் சிக்கினால் அவை மரத்தைத் தூக்கி உங்களை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும்போது பல்நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 215 கிலோமீட்டர். மரம் பறந்த பிறகுதான் நமக்குச் சத்தமே கேட்கும்.

மரம் பின்பற்களில் சிக்க மூன்று காரணம்: வெட்டிய வாய் மூடிக்கொண்டு பிளேடை இறுக்குவது, மரம் ஃபென்ஸை விட்டு விலகுவது, ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு துண்டு குறுக்கே மாட்டிக்கொள்வது. ஊருக்கு வந்த முதல் மாதம் ஒரு பலாத் துண்டு எனக்கு அப்படி வந்து வயிற்றில் அடித்தது. உள்ளங்கை அளவுத் துண்டுதான். இரண்டு வாரம் நீலம் பாய்ந்து கிடந்தது. அடியைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று: மரம் பறந்த நொடியில், அதைத் தள்ளிக்கொண்டிருந்த என் இடது கை பிளேடுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது. கிக்பேக்கில் மரம் அடிப்பது பாதி ஆபத்து. மரம் போன இடத்தில் கை விழுவது மீதிப் பாதி.

பிளேடுக்குப் பின்னால ஒரு தகடு நிக்குதே, இடைஞ்சலா இருக்கு. கழற்றிடலாமா?

பலரும் மெஷினைப் பிரித்த அன்றே கழற்றுவது அதைத்தான். மேலே சொன்ன பலாத் துண்டு பறந்த அன்று என் மெஷினிலும் அது இல்லை. அதன் பெயர் ரிவிங் நைஃப். மரம் வாங்கிக் கையால் ஈர்ந்த காலத்தில், ஈர்ச்சக்காரர்கள் வெட்டின வாயில் ஒரு ஆப்பைச் செருகிவிட்டு அடுத்த முழத்துக்குப் போவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். வாய் மூடி வாளைப் பிடிக்காமல் இருக்க அந்த ஆப்பு. இந்தத் தகடும் அதே ஆப்புதான். மரம் பின்பற்கள் பக்கம் சாயாமல் தடுக்கிற வேலையையும் இதுவே செய்கிறது.

தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். எந்த அளவு பிளேடுக்கு என்று தகட்டிலேயே எழுதியிருக்கும். மெல்லிய பிளேடை வாங்கி மாட்டிவிட்டு ‘மரம் தகட்டில் இடிக்கிறது’ என்று தகட்டைக் கழற்றுகிறார்கள்; அங்கே மாற்ற வேண்டியது பிளேடைத்தான். பிளேடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

மரத்தில் பாதி ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுக்கணும். மேல்மூடி இருந்தா மரம் போகாதே?

போகாது, உண்மைதான். அந்த வேலைக்கு மட்டும் மேல்மூடியைக் கழற்றலாம். ரிவிங் நைஃபைக் கழற்ற வேண்டாம். பிளேடின் உச்சியைவிட அது சற்றுத் தாழ்வாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். காடி எடுக்கும்போதும் இடிக்காது. சில மெஷின்களில் தகட்டை உயரமாகவும் தாழ்வாகவும் இரண்டு நிலையில் பூட்டலாம், தாழ்ந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். காடி வேலை முடிந்ததும் மூடி திரும்ப ஏறிவிட வேண்டும். ‘நாளைக்கு மாட்டலாம்’ என்று வைத்த மூடி பரணில்தான் கிடக்கும்.

பிளேடை எவ்வளவு உயர்த்தணும்?

மரத்தின் மேல்மட்டத்தைவிட ஒரு பல் உயரம். போதும்.

எங்கே நிக்கணும், கையை எங்கே வைக்கணும்?

பிளேடுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சற்று இடப்பக்கம் தள்ளி, ஃபென்ஸ் வலப்பக்கம் இருக்க, கால்களைக் கொஞ்சம் அகட்டி நில்லுங்கள். மரம் பறந்தால் வெறும் இடத்தில் போகட்டும். கண் பிளேடையே பார்த்துக்கொண்டிருக்கும், அது இயல்பு. ஆனால் பார்க்க வேண்டியது மரம் ஃபென்ஸைத் தொடுகிற கோட்டை. அங்கே இடைவெளி விழுந்தால்தான் கோளாறு ஆரம்பம்.

பிளேடைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் கை வரக் கூடாது என்று மேசையில் சிவப்பு பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே ஆறு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தள்ளுகட்டை இல்லாமல் தள்ளாதீர்கள். பிளைவுட் கழிவில் குதிகால்போல ஒரு வெட்டு விட்டு அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஒன்று செய்யாமல் நாலைந்து செய்து, கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். தள்ளுகட்டை கொட்டகையின் மறுகோடியில் கிடந்தால் அந்த ஒரு வெட்டுக்கு யாரும் போய் எடுக்க மாட்டோம். அறுபட்ட சின்னத் துண்டு பிளேடுக்குப் பக்கத்தில் கிடந்தால் விரலால் தட்டிவிடக் கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளேடு முழுக்க நின்ற பிறகு எடுங்கள்.

கையுறை போட்டா பாதுகாப்புதானே மாமா?

சுற்றுகிற மெஷினில் கையுறை கூடவே கூடாது. வெறும் விரலில் பல் பட்டால் பட்ட இடத்தில் காயம். கையுறையின் நூலைப் பல் பிடித்தால் முழுக் கையையும் உள்ளே இழுக்கும். பிளேடு மாற்றும்போது மட்டும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையுறை போடுங்கள்.

இதே கணக்குத்தான் சாரத்துக்கும் (கைலிக்கும்) தோளில் போடும் துண்டுக்கும். வீட்டில்தானே என்று சாரத்தோடு போய் நிற்கிறோம். மடித்துக் கட்டியது அவிழ்ந்தால் ஒரு கை தானாக இடுப்புக்குப் போகும், மரத்தில் ஒரு கைதான் மிஞ்சும். கால்சட்டை, அரைக்கைச் சட்டை, மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். மோதிரம், கையில் கட்டிய கயிறு, கழுத்தில் தொங்கும் செபமாலை எல்லாவற்றையும் கழற்றி ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்கே வெட்டும்போது ஃபென்ஸையே அளவுக்கு வச்சுக்கிட்டா சுலபமா இருக்கே?

கிக்பேக்குக்குச் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். ஃபென்ஸில் முனையை முட்டவைத்துக் குறுக்கே வெட்டினால், அறுபட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே தனியாக நிற்கும். கொஞ்சம் திருகினாலும் எகிறும். குறுக்கு வெட்டுக்கு, மேசையில் உள்ள காடியில் ஓடி மரத்தைத் தாங்கித் தள்ளுகிற மைட்டர் கேஜ் உண்டு, அல்லது மேசையின் இரண்டு காடியிலும் ஓடுகிற சறுக்குப் பலகை செய்துகொள்ளலாம். ஒரே நீளத்தில் நிறையத் துண்டு வேண்டுமானால் ஃபென்ஸின் முன்பகுதியில், பிளேடுக்கு வெகு முன்னதாக, ஒரு கட்டையைப் பிடித்து அதில் அளவு முட்டவையுங்கள். மரம் பிளேடைத் தொடும்போது அந்தக் கட்டையை விட்டு விலகியிருக்க வேண்டும்.

ஃபென்ஸும் மைட்டர் கேஜும் இல்லாமல், வெறும் கையால் கோடு பார்த்துத் தள்ளுவது எந்த மரத்திலும் எந்த அவசரத்திலும் கிடையாது.

எல்லாம் சரியா செய்தும் மரம் கருகுது, இறுகுது. ஏன்?

ஒன்று, பிளேடு மழுங்கியிருக்கும் அல்லது பிசின் பிடித்திருக்கும். இல்லையென்றால் ஃபென்ஸ் பின்பக்கம் ஒடுங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். முன்பக்கம் ஒரு பல்லில் பென்சிலால் குறி வைத்து, அதற்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் குறைந்தால் ஃபென்ஸ் மரத்தைப் பின்பற்களோடு நெரிக்கிறது என்று பொருள்.

பல் கணக்கும் பாருங்கள். 10 அங்குல பிளேடில் நெடுகக் கிழிக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்குக்கும் 60 முதல் 80 பல். 80 பல் பிளேடில் இரண்டங்குலப் பலாவைக் கிழித்தால் கருகத்தான் செய்யும்.

இன்னொன்று கடலோரக்காரர்களுக்கு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு மேசை ஒரு வாரத்தில் துரு ஏறும். துருவில் மரம் வழுக்காது; நாம் கூடுதல் பலம் கொடுப்போம், பலம் கொடுத்த கைதான் சறுக்கும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மெழுகு பூசிப் பளபளவென்று துடையுங்கள். மாதம் ஒரு தடவை, மழைக்காலத்தில் இரண்டு தடவை.

பழைய வீடு பொளிச்ச மரம் கிடைச்சிருக்கு. கழுக்கோல், உத்திரம் எல்லாம் அயனியும் பலாவும். அறுக்கலாமா?

அருமையான மரம், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஐம்பது அறுபது வருட ஆணி உள்ளே தலை முறிந்து கிடக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். கறுப்பு வட்டமாகக் கறை தெரிந்தால் அங்கே கட்டாயம் இரும்பு உண்டு. கம்பித் தூரிகையால் சுண்ணாம்பையும் மண்ணையும் உரித்துவிடுங்கள்.

கழுக்கோல், அதாவது ஓட்டுக்கூரையைத் தாங்கும் சட்டம், நேராக இருக்காது, முறுகியிருக்கும். ஆடுகிற மரத்தை மேசையில் வைக்கவே கூடாது. ஒரு முகத்தையும் ஒரு பக்கத்தையும் இழைப்புளியாலோ பிளேனராலோ மட்டமாக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே மெஷினுக்கு வரட்டும். மட்டமான முகம் மேசையில், நேரான பக்கம் ஃபென்ஸில்.

எங்க தோட்டத்து ரப்பர் மரம், தென்னை இதெல்லாம்?

ரப்பரில் உள்ளிழுப்பு அதிகம். கிழிக்கக் கிழிக்க வாய் மூடும், அல்லது பலகை வில்லாக வளையும். ரிவிங் நைஃபின் அருமை தெரியவேண்டுமானால் ரப்பர் பலகையைக் கிழித்துப் பாருங்கள். வெட்டின உடனே மருந்து ஏற்றாவிட்டால் பூச்சியும் பூசணமும் பிடிக்கும் என்பதால் பச்சையாக அறுத்து வீட்டில் வைப்பதில் பயனில்லை. மருந்தேற்றி உலர்த்தியதை வாங்குங்கள். இறுகுகிற சத்தம் கேட்டால் மரத்தைப் பின்னால் இழுக்காதீர்கள். அசையாமல் பிடித்தபடி ஸ்விட்சை முழங்காலால் அணையுங்கள். ஸ்விட்சைக் கை தேடாமல் அணைக்கக் கூடிய பெரிய தட்டு இருக்கிறதா என்று மெஷின் வாங்கும்போதே பாருங்கள்.

தென்னையும் பனையும் பிளேடை வேகமாக மழுக்கும், கார்பைடு பல் இல்லாமல் தொடாதீர்கள். சிராம்பு ஊசியாக ஏறும். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. காற்றில் உலர ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. ஈர மரம் இறுகும், அதனால் அவசரப்படாதீர்கள்.

அறுத்துட்டு இருக்கும்போது கரண்டு போயிட்டா?

இது பலரும் யோசிக்காத விஷயம். கரண்டு போனதும் நாம் மரத்தை எடுத்து, பிளேடு பக்கம் குனிந்து பார்ப்போம். ஸ்விட்ச் ஆனிலேயே இருக்கும். கரண்டு திரும்ப வந்தால் சாதா ஸ்விட்ச் உள்ள மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். நோ வோல்ட் ரிலீஸ் ஸ்விட்ச் இருந்தால் மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். இல்லாத மெஷினுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனியாகப் பொருத்துங்கள். கரண்டு போனால் முதலில் ஸ்விட்ச், அடுத்து பிளக், அப்புறம் மரம்.

தூசிக்கு வாயில் துண்டு கட்டினா போதாதா?

போதாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது; மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் வருகிறது. துண்டின் இழை வழியாக நுண்தூள் தாராளமாகப் போகும். என்-95 முகக்கவசம் போடுங்கள். மெஷினின் தூசி வாயில் வாக்வம் கிளீனரைப் பொருத்துங்கள்.

விரல் பட்டா தானா நிக்கிற மெஷின் இருக்காமே?

இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் கண்டுபிடித்தார். சா ஸ்டாப் என்ற பெயரில் வருகிறது. பிளேடில் சிறு மின்சமிக்ஞை ஓடும். உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால், தோல் பட்டதும் ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லி செகண்டில் பிளேடை நிறுத்திவிடும். விரலில் கீறலோடு போகும். அந்த பிரேக்கும் பெரும்பாலும் பிளேடும் அத்தோடு வீண். ஈர மரத்திலும் ஆணியிலும் வீணாகவே வேலைசெய்துவிடக் கூடும். அமெரிக்காவில் மட்டும் டேபிள் சாவின் பிளேடில் பட்டு ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வசதி இருந்தால் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். அதுவும் கிக்பேக்கை நிறுத்தாது. ரிவிங் நைஃப் அங்கேயும் வேண்டும்.

எங்க ஊர் ஆசாரி நாற்பது வருஷமா மூடி இல்லாமதான் அறுக்கிறார். அவருக்கு ஒண்ணும் ஆகலியே?

அவருடைய கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையை இழைத்த கைகளின் வழிவந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர் தினமும் அதே மெஷினில் நிற்கிறார். மரம் இறுகப்போவது அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். நாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மில்லில் நின்ற பழைய ஆட்கள் சிலரின் கைகளைப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் என் பக்கத்து மெஷின்காரர் என்னைவிட அனுபவசாலி. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி வெட்டில் அவருடைய ஆள்காட்டி விரல் போயிற்று. பசி, களைப்பு, ‘இந்த ஒண்ணு மட்டும்’ மூன்றும் சேர்ந்த நேரம். அதற்குப் பிறகு நான் ‘கடைசி வெட்டு’ என்று மனதில் தோன்றினாலே மெஷினை அணைத்துவிடுகிறேன்.

பையனுக்குப் பதிமூணு வயசு. ரொம்ப ஆர்வமா இருக்கான். சொல்லிக் கொடுக்கலாமா?

மரத்தைச் சொல்லிக் கொடுங்கள். டேபிள் சாவை இப்போது வேண்டாம். இழைப்புளி, உளி, கை வாள், அளவெடுப்பு இவையெல்லாம் கற்க அருமையான வயது. நீங்கள் இல்லாத நேரம் மெஷின் ஓடவே முடியாதபடி பிளக்கைப் பிடுங்கி, பிளேடை மேசைக்குக் கீழே இறக்கி, கொட்டகையைப் பூட்டுங்கள்.

இவ்வளவுக்கும் மேல விரல் பட்டுட்டா என்ன செய்யணும்?

மெஷினை அணைத்துவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காப்பிப்பொடி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுக்கவே நேரம் போகும். 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, நல்ல தண்ணீரில் மேலோட்டமாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். அந்தக் கவரைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேராகப் பனிக்கட்டியில் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும், ஒட்ட முடியாது. குளிர்ச்சியாகவும் சீக்கிரமாகவும் போய்ச் சேர்ந்தால் ஒட்டுகிற வாய்ப்பு அதிகம்.

விரல் ஒட்டும் சிகிச்சை எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் அந்த அறுவைசிகிச்சை எங்கே, எந்த நேரம் செய்கிறார்கள் என்று இந்த வாரமே போனில் கேளுங்கள். கிடைத்த எண்ணைக் கொட்டகைச் சுவரில், இடது கையால் போன் பிடித்தாலும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். பட்டறையில் தனியாக நிற்கும் நாளில் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மெஷின் சத்தம் நின்று வெகுநேரமாகியும் நீங்கள் வெளியே வராவிட்டால் அவர் வந்து பார்க்கட்டும்.